கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும், அருவிப் பாறை எப்படி வழுக்கும் என்று! காலைக் கிழித்துக்கொண்டு தென்காசியில் என் வைத்தியசாலைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு வயலும் மண்வெட்டியும் போதும்.

அப்படித்தான் வந்தார் ஒரு விவசாயி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். உள்ளங்காலில் துருப்பிடித்த தகரம் கிழித்து, காயமெல்லாம் சேறு.

"மத்தன் தைலம் கொடுங்கய்யா, ரெண்டு நாள்ல ஆறிரும்லா?"

"ஆறும் அண்ணாச்சி. கடைசியா டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்க?"

"பள்ளிக்கூடத்துல போட்டதா ஞாபகம். என்னய்யா, சித்த வைத்தியர் நீங்களே ஊசி போடச் சொல்லுதீய?"

சொல்லத்தான் வேண்டும்! பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். புண்ணை ஆற்றும் தைலம் எங்களிடம் உண்டு. ஆனால் ரண ஜன்னியைத் தடுக்க, தடுப்பூசிக்கு ஈடாக நான் எந்தத் தைலத்தையும் குடிநீரையும் தரமாட்டேன். காயத்தைக் கழுவிக் கட்டி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அவர் போன பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். நான் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டேன்.

சின்ன வயதில் போட்டது போதாதா?

போதாது. தடுப்பூசி தந்த பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். ரண ஜன்னிக் கிருமியோ மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் அல்ல. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும், நீங்கள் போடாவிட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு முறை வந்து பிழைத்தவருக்குக்கூட மீண்டும் வரலாம்.

வீட்டுப் பெண்களுக்காவது கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. ஆண்கள்தான் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிடுகிறோம்!

பத்து ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது நல்லது. இப்போது போடுவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி. காதில் விழும்போது பழைய 'டி.டி.' போலத்தான் இருக்கும். அழுக்குக் காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால், பத்து ஆண்டு ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊசி போட்டாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் காயம் படுமுன்பே போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

குரங்கு கடித்தால்...

குற்றாலத்தில் பழத்தைப் பிடுங்க வரும் குரங்கு, சில சமயம் கையையும் பதம் பார்த்துவிடும். குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். சொன்ன நாட்களில் எல்லாத் தவணையையும் முடியுங்கள்; ஒன்று போட்டதும் நின்றுவிடாதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடும் மருந்தும் தேவைப்படும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

இவற்றையும் கேளுங்கள்

* ஃப்ளூ: அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் போடுவது நல்லது.
* நிமோகோக்கல் நிமோனியா: இதே பிரிவினர் மருத்துவரிடம் விசாரியுங்கள்.
* மஞ்சள் காமாலை 'பி': இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் 2011-ல்தான் சேர்ந்தது. ஆகவே இன்றைய பெரியவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் மூன்று தவணை.

கர்ப்பிணிகளும், புற்றுநோய் போன்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும், முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு ஊசி அட்டை வைத்திருக்கிறோமே, அதுபோல உங்களுக்கும் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும். இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் வீட்டில் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: "கடைசியா எப்போ ஊசி போட்டீங்க?" பதில் தெரியவில்லை என்றால், அவர்தான் முதலில் போக வேண்டியவர்!