அனுமதியா, உரிமையா? பழனி வாசலில் ஒரு பழைமைவாதியின் முன்னுரிமைகள்

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் முன்னுரிமைகளை அவரது மேடைப்பேச்சில் அல்ல, அவர் ஆதரித்த சட்டத்தின் வாசகத்திலேயே நாம் தேட வேண்டும். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி அதற்குத் தக்க சான்று.

1938இல் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் திரும்பப் பெறுமாறு இராஜாஜி கேட்டார், ராஜா மறுத்தார், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. அரசு இயற்றிய மலபார் சட்டமோ முடிவைச் சாதி இந்துக்களின் வாக்கெடுப்பிடம் ஒப்படைத்தது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அவ்வாண்டே மாகாணம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அது கதவைத் திறந்த அதிகாரிகளையும் அறங்காவலர்களையும் வழக்குகளிலிருந்து காத்தது. ஆனால், பழனி மலையேற விரும்பிய தலித் பக்தருக்கு அது உரிமை எதையும் வழங்கவில்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதி, அரசும் ஒப்பினால் மட்டுமே கதவு திறக்கும். நுழைவை உரிமையாக்கியது 1947ஆம் ஆண்டுச் சட்டமே.

சீர்திருத்தத்தை மறுக்காமல், அதன் சாவியை ஆதிக்க சாதியிடமே விட்டுவைப்பதுதான் பழைமைவாதத்தின் நுட்பம். இன்று கொடைக்கானலை உள்ளடக்கிய பழனித் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே: பஞ்சமி நில மீட்பிலும் பளியர்களின் வன உரிமையிலும் நீங்கள் தரப்போவது அனுமதியா, உரிமையா?