தேசவழமையில் மகவேற்பு

மணமாகி ஆண்டு பல கழிந்தும் மகப்பேறு வாய்க்காத கணவன் மனைவியரை உறவினர் வினாக்களாற் புண்படுத்தல் யாழ்ப்பாணத்தில் அரிதன்று. குறையைப் பெண்மேலேயே சுமத்துவர். ஆடவரிடத்தும் அஃது உண்டென மருத்துவநூல் கூறும். இத்தகையோர் பிறர் பிள்ளையை மகவாக ஏற்றற்கு, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இடந்தந்தது. ஆயின், உடன்பிறந்தார் முதலிய உரித்தாளர் இசைதல் வேண்டும். இசைந்தோர் மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பர். தோய்க்காதார்க்குரிய பங்கு அப்பிள்ளையைச் சேராது. ‘பிள்ளை எங்கே?’ என்று நாடோறும் வினவிய சுற்றமே, முதுசத்தை எண்ணி விரலை மடக்கிக்கொள்ளவும் இடமிருந்தது! 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம் இக்காரியத்தை நீதிமன்றத்திடம் ஒப்புவித்தது. பிள்ளையைப் பெற்றோரின் இசைவை அது வேண்டும். ஏற்போரின் உடன்பிறந்தாரை அது கேட்பதில்லை.