யார் பேச்சு எடுபடுகிறது?

1986 பிப்ரவரியில் ஒரு இரவு, செல்லப்பன் நிர்மலா என்ற மருத்துவ மாணவி தன் கணவருடன் சென்னையில் காட்பாடி ரயில் ஏறினார். அவர்களோடு பயணம் செய்தவை ரத்த மாதிரிகள். அதுவரை அவை இருந்தது நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில். காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வேலூர் சி.எம்.சி.யில் பேராசிரியர் ஜேக்கப் ஜானின் வைராலஜி ஆய்வகத்துக்குப் போனார்கள். சோதனைத் தட்டின் மூடியைத் திறந்து பார்த்தபோது ஆறு குழிகள், தொற்றின் அடையாளமாக, மஞ்சளாக மாறியிருந்தன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான்.

அந்த ரத்தம் சென்னையில் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களுடையது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா அதைச் சேகரித்தார். எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய வழக்கம் அது. ஆனால் யாருக்கு நோய் வருகிறது என்பதோடு, யார் பேச்சு எடுபடுகிறது என்ற கேள்வியும் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்ததைக் கவனிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஓர் அளவுகோல் வர 14 ஆண்டுகள் ஆயின. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜூலி புலர்விட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பாலுறவில் உள்ள அதிகாரத்தை அளக்க 23 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு பகுதி கட்டுப்பாட்டைப் பற்றியது: ஆணுறை போடச் சொன்னால் அவர் கோபப்படுவாரா, அடிப்பாரா, நீ எங்கே போகிறாய் என்று கண்காணிக்கிறாரா. இன்னொரு பகுதி முடிவெடுப்பதைப் பற்றியது: எப்போது சந்திப்பது, ஆணுறை போடுவதா வேண்டாமா என்பதில் யார் சொல் நிற்கிறது, உன்னுடையதா, அவருடையதா, இருவருடையதுமா. பதில்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும்.

அந்தப் பட்டியல் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் உறவுக்கு அது பொருந்துமா என்ற சந்தேகம் அடுத்து எழுந்தது. ஆண் என்பதால் அதிகாரம், பெண் என்பதால் பணிவு என்ற கணக்கு அங்கே எடுபடாதே. அமெரிக்காவில் ஆண் இணையர்களுக்கென்றே தனியாகக் கேள்விப் பட்டியல்கள் பிறகு உருவாயின.

நம் ஊரில் கதை இன்னொரு விதம். தமிழகத்திலும் இந்தியாவின் மற்ற பகுதிகளிலும் இந்த உறவுகளுக்குள் ‘கோத்தி’, ‘பந்தி’ என்ற சொற்கள் புழங்குகின்றன. பெண்மையான பாவனையோடு தன்னை அடையாளப்படுத்திக்கொள்பவர் கோத்தி. ஆண்மையானவராகக் கருதப்படுபவர் பந்தி. இரண்டிலும் சேருபவர் ‘டபுள் டெக்கர்’. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்ட ஆவணங்களிலும் இந்தப் பெயர்கள் ஏறிவிட்டன. நிலையான துணையைக் கோத்திகள் பலர் ‘என் புருஷன்’ என்றே சொல்வார்கள். அளவுகோலைத் தமிழாக்கம் செய்ய உட்காருபவருக்கு இங்கேதான் இடறும். ‘பார்ட்னர்’ என்று கேட்டால் ஒரு பதில் வரும், ‘புருஷன்’ என்று கேட்டால் வேறு பதில் வரும். புருஷன் என்று சொல்லும்போதே யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறதே.

உடலின் கணக்கு இதைவிடக் கறாரானது. துணைக்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சையும் ஆணுறையும் இல்லாத நிலையில், ஆசனவாய்ப் புணர்ச்சியில் ஏற்பவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு 10,000 முறைக்குச் சுமார் 138 என்று 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. செலுத்துபவருக்கு 11. 12 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆணுறையை அணிய வேண்டியவரோ அந்த 11-க்கு உரியவர். 138-க்கு உரியவர் கேட்கலாம், கெஞ்சலாம், கோபித்துக்கொள்ளலாம். போடுவது அவர் கையில் இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் வட்டாரத்துக்கு அந்த 23 கேள்வி அளவுகோலைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஷூ கம்பெனி பஸ்களில் காலையில் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்பு, டிரம் வேலைகளில் நிற்பவர்கள் ஆண்கள். அவர்களில் வடமாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்குபவர்களும் உண்டு. டிரம் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன் ஒருவன், அவனுக்கு வேலை வாங்கிக்கொடுத்த மேஸ்திரி, இருவருக்கும் உறவு என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரிக்கு ஊரில் மனைவியும் குழந்தைகளும். “ஆணுறை போடுங்க அண்ணா” என்று சொன்னால், “என்னை நம்பலையா?” என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். மறுநாள் வேலை உண்டா என்ற பயம் பட்டியலின் 23 கேள்விகளில் எதிலும் இல்லை.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். மாதச் சம்பளம் வாங்கும் கோத்தி, வேலையில்லாத பந்திக்கு ரீசார்ஜ் போட்டு, பெட்ரோலுக்கும் காசு கொடுக்கிறார் என்று வையுங்கள். காசு அவரிடம், ஆனாலும் முடிவு அவரிடம் இல்லை. ‘விட்டுப் போய்விடுவானோ’ என்ற அச்சத்தைப் பணம் சரிக்கட்டுவதில்லை. வருமானத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் இவரைப் பலமுள்ளவர் பக்கம் எழுதிவிடுவார். அந்தத் தப்பைத் தவிர்க்கவே முடிவெடுப்பதைத் தனியாகக் கேட்கிறார்கள்.

அறைக்கு வெளியேயும் அதிகாரம் நிற்கிறது. வெங்கடேசன் சக்கரபாணியும் சகாக்களும் சென்னையில் கோத்திகளிடம் பேசி 2007-இல் வெளியிட்ட ஆய்வில் போலீஸ், ரவுடிகள், சொந்தக் குடும்பம் என்று பல பக்கத்து வன்முறையும் பதிவாகியிருக்கிறது. யாராவது வந்துவிடுவார்கள் என்ற பதற்றத்தில் இருட்டில் அவசரமாக நடக்கும் சந்திப்பில் உறையைப் பிரிக்க யாருக்கு நேரம்? ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தளர்த்தி, வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமல்ல என்றது. குடும்பத்தின் பிடி அத்தோடு விட்டுவிடவில்லை. 2025 மே மாதம், தன் பெண் துணையை அவள் வீட்டார் பிடித்து வைத்திருப்பதாக ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு வேலூர் மாவட்டத்தோடு தொடர்புடையது. பிடித்து வைக்கப்பட்ட பெண் தன் விருப்பப்படி போகலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் 12 நகரங்களில் ஆண்களோடு உறவுகொள்ளும் 12,022 ஆண்களைச் சோதித்தது. அவர்களில் 7 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதே ஆண்டு நாட்டின் பெரியவர்கள் மத்தியில் மதிப்பீடு 0.26 சதவீதம். இத்தனைக்கும் தமிழ்நாட்டுச் சுவர்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வுச் சுவரொட்டி வந்து அப்போதே பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ராஜா யாரோடு போகிறான் என்று அந்தச் சுவரொட்டி சொல்லவில்லை. அதைப் படித்தவர்கள் பெண்ணோடு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். தொற்று உறுதியானால் கூட்டு மருந்தும் இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் ‘பிரெப்’ மாத்திரையும் வந்திருக்கிறது. உறையைப்போல் மற்றவர் சம்மதத்துக்காக அது காத்திருக்காது. 138-க்கு உரியவரே தண்ணீரோடு விழுங்கிக்கொள்ளலாம். ஆனால் பலர் தங்கும் அறையில், ஒரே ஆணியில் எல்லோருடைய சட்டைகளும் தொங்கும் இடத்தில், அந்த மாத்திரை அட்டையை அவர் எங்கே வைப்பார் என்பதும் இன்னொரு அளவுகோலுக்கான கேள்விதான்.