கசியும் ஆயில், கல்லாகும் பிரேக்

அரசு ஐ.டி.ஐ. உள்ள தனுவச்சபுரமும் பாறசாலையும் தமிழக எல்லையை ஒட்டியவை. களியக்காவிளை வழியே காய்கறி ஏற்றிவரும் டீசல் பிக்அப் நின்றுவிட்டால் அன்றைய வியாபாரமே போச்சு. ஆல்டர்னேட்டரை மாற்றிய சில வாரங்களிலேயே மறுபடி பேட்டரி விளக்கு எரிந்தால்?

பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். ஆயில் திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டால், புது சீல் போட்டாலும் ஆயில் கசிந்து கார்பன் பிரஷ்களைக் கெடுத்துவிடும். பெல்ட் அறுந்தாலோ பம்பும் நின்று, பிரேக் மிதி கல்லாக இறுகும்.

ஆகவே குழாய், பெல்ட், எர்த் ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். மிச்சமாவது பணம் மட்டுமல்ல, உயிரும்தான்.