ஏப்ரல் ஒன்றில் ஏற வேண்டிய கூலி

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர ஆட்களுக்குக் குறைவில்லை. சீட்டுப் போடச் சொல்கிறார்கள், வட்டிக்கு வாங்காதே என்கிறார்கள். வீட்டு வாடகையும் எண்ணெய் விலையும் வருடா வருடம் ஏற, கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? கந்துவட்டியைத் தடை செய்ய 2003-லேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் விழும் துண்டை அது அடைக்காது. விலைவாசியோடு தானாகவே ஏறும் கூலிதான் அதை அடைக்கும்.

இது புதிய கோரிக்கை இல்லை. 1984-ல் இதே ஊரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சட்டமும் இடம் தருகிறது. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்தச் சொன்னது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழக அரசு அறிவிக்கும் கூலியில் அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியும் உண்டு. சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஏப்ரல் 1-ல் அது மாறும். நடைமுறையோ வேறு. தையல் தொழிலுக்கு 2004-க்குப் பிறகு அடுத்த திருத்தம் 2014-ல்தான் வந்தது. அதையும் எதிர்த்து உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது 2016 ஆகிவிட்டது. நிலுவை கிடைத்தாலும், அதற்குள் அடகில் மூழ்கிய நகை திரும்பாது.

கூலி கூடினால் ஆர்டர் வங்காளதேசத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். வெற்றுப் பயம் என்று அதைத் தள்ளமாட்டேன். பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவருக்கு ரேட்டை நிர்ணயிப்பவர் வேறொருவர். ஆனால் 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து இந்த ஊர்க் கம்பெனிகளே கதவடைத்தன. நூல் ஏறினால் தொழில் தாங்காது என்பது நியாயமானால், அரிசியும் வாடகையும் ஏறினால் குடும்பம் தாங்காது என்பதும் நியாயமே. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே தேதியில் சிறிதளவு ஏறும் கூலியை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து ஆர்டர் பேசலாம். பல ஆண்டு தள்ளிப்போட்டு 2014-ல் போல 30 சதவீதம் வரை மொத்தமாக ஏறுவதுதான் சிறு முதலாளியை முறிக்கும். ரேஷன் அரிசி, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மகளிர் உரிமைத்தொகை எல்லாம் இருக்கின்றனவே என்பார்கள். அவை பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அவை போதா. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு உரிமைத்தொகையும் கிடையாது.

அதிகம் அடிபடுகிறவர் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். பஞ்சப்படி ஏறியது அவர் காதுக்கே எட்டாது. எட்டு மணி நேர வேலைக்கு அறிவித்த கூலி பீஸ் ரேட்காரருக்கும் குறையக் கூடாது என்பதே சட்டம். ஆகவே தொழிலாளர் துறை முதலில் பார்க்க வேண்டியது பீஸ் கணக்கைத்தான். ஏப்ரல் பிறந்ததும் ஒவ்வொரு பீஸுக்கும் புது ரேட் போட்டு, தமிழிலும் இந்தியிலும் எழுதி, கம்பெனி வாசலில் மாட்டச் செய்யட்டும்.