உஷார்! நாய்க்குட்டிக் கூண்டு சூளையாகிவிடும்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் உச்சி வெயிலில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்று பாருங்கள். சூளை பற்றவைக்காமலே உடம்பு வேகும். அதே ஊரில்தான், வேலைக்குப் போகிற அவசரத்தில் நாய்க்குட்டியைக் கூண்டில் பூட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்தும் பயனில்லை. உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அவிழ்த்துவிட்ட நாய் நிழல் தேடி ஓடிவிடும். பூட்டிய நாய் எங்கே போகும்?

கூண்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து உள்ளே சோறு வையுங்கள். தானாகப் போய்த் தூங்கப் பழகிய பிறகு கதவைச் சாத்தலாம். இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக உள்ளே தள்ளினால் பிறகு கூண்டைக் கண்டாலே அலறும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், கம்பியில் மாட்டினால் நெரித்துவிடும்.

பேட்டையிலிருந்து பீங்கான் பொம்மை அனுப்பும் மரப்பெட்டி வைக்கோலோடு சும்மாதானே கிடக்கிறது என்ற யோசனையும் வேண்டாம். ஆணி, சிம்பு, வைக்கோலுக்குள் ஒளிந்த பீங்கான் சில்லு எல்லாவற்றையும் பால் பல் குட்டி கடித்துப் பார்க்கும். யாரோ கொடுத்த பழைய கூண்டு இன்னும் மோசம். அதில் ஒட்டியிருக்கக்கூடிய பார்வோ வைரஸ் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புத் தண்ணீருக்கு அசையாது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது எமன்.

பயணத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெளியே 32 டிகிரி என்றால், நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 40ஐத் தாண்டும். உளுந்தூர்பேட்டையில் காபிக்கு இறங்கும் நேரம் போதும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தேன் என்பதெல்லாம் வெறும் சமாதானம். 2003இல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தைப் பார்த்து ஊரெல்லாம் ஆசைப்பட்டு வாங்கிய பக் நாய் இருக்கிறதே, சப்பை மூக்கால் மூச்சுவிடவே திணறும். அதற்கு இந்த வெயில் இரட்டைத் தண்டனை.

ரயிலில் ஸ்லீப்பரிலோ ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கிலோ நாயைக் கூட்டிப் போக முடியாது. முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டுதான். அதில் ஏசி கிடையாது. கோடைப் பகலில் அதில் குட்டியை ஏற்றவே கூடாது என்பேன். தூங்கட்டும் என்று மாத்திரை கொடுத்து ஏற்றுவது கொலைக்குச் சமம். மயக்கத்தில் உடம்பு சூட்டைச் சமாளிக்காது.

எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு செக்கச்செவேலென்று மாறி, நடை தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறியபடியே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஈரச் சாக்கால் மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மருத்துவமனை தூரமென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஆலோசனை கேளுங்கள்.

அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கூண்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உங்களுக்கே சுட்டால், இப்போதே இடத்தை மாற்றுங்கள்.