எங்கள் இல்லத்துக்கு வந்த செவிலி

நம் கத்தோலிக்க இல்லங்களில் 'சிஸ்டர்' என்னும் சொல் இருவரைக் குறிக்கும். கன்னியர் மடத்து அருட்சகோதரியையும் அப்படித்தான் அழைக்கிறோம். மருத்துவமனைச் செவிலியையும் அப்படித்தான் அழைக்கிறோம். நாற்பது ஆண்டுகள் பங்கின் மரியாயின் சேனையில் உழைத்த என் மனைவியின் நாவில் அச்சொல் முதற்பொருளிலேயே வழங்கி வந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அது வேறொருவருக்குரியதாயிற்று. அவரைப் பற்றியே எழுத அமர்ந்தேன். பெயரை எழுதலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

மார்பகப் புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு, ஊசிமருந்து அனைத்தும் முடிந்த பின்னும் நோய் எலும்புக்குப் பரவியது. மார்பில் ஆறாத புண் ஒன்று திறந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கனிவாகவே கூறி, வலிக்கு மார்ஃபின் மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஆவடியில் எங்கள் வீடு இரண்டு அறைகள் கொண்டது. தெருப்பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டேன்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கே சென்று வலிதணிப்புச் சிகிச்சை அளிக்கும் செவிலியர் உண்டு என்பதை அண்டை வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். மறுவாரமே ஒரு பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வந்தார். முப்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே கட்டிலருகே சென்று தரையில் அமர்ந்தார்.

அவ்வறையில் அதுவரை எவரும் அவ்வளவு அருகில் அமர்ந்ததில்லை. காரணம் புண்ணின் நாற்றம். வந்தவர்கள் வாசற்படியில் நின்றே செபம் சொல்லிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மனைவியே, "யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று என்னிடம் கூறியிருந்தாள். செவிலியோ உப்புநீரால் புண்ணை மெல்லக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து அதன்மேல் தூவி, துணியிட்டு மூடினார். அந்நாற்றம் புண்ணில் வளரும் ஒருவகைக் கிருமியால் எழுவது என்றும், அக்கிருமியை இப்பொடி அடக்கும் என்றும் விளக்கினார். நாள்தோறும் செய்யுமாறு என் கையைப் பிடித்துப் பழக்கினார். ஒரே வாரத்தில் நாற்றம் பெரிதும் குறைந்தது. மனைவி தன் தங்கையை வரச்சொல்லி ஆளனுப்பினாள்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

இரண்டாம் முறை வந்தபோது அவர் மாத்திரைகளை எண்ணினார். எண்ணியவர் நிமிர்ந்து, "மாத்திரை மிச்சமிருக்கிறதே, ஐயா" என்றார். ஆம், மிச்சமிருந்தது. நான்கு மணிக்கு ஒன்று என்று எழுதியிருந்ததை, அவள் அழுதால் ஒன்று என்று நானே மாற்றிக்கொண்டிருந்தேன். பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவாளோ என்னும் அச்சம் ஒருபுறம். நம் ஆண்டவர் சிலுவையில் பட்டதை நினைத்துப் பொறுத்துக்கொள்வது பேறு என்னும் எண்ணம் மறுபுறம். பொறுத்தவள் அவள், பேறு என்று எண்ணியவன் நான்! கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு மணியடிக்கு வேலை செய்தவனுக்கு, மனைவியின் மருந்துக்கு மட்டும் மணி தெரியாமற் போயிற்று.

செவிலி கடிந்துரைக்கவில்லை. வலி வந்தபின் அதைத் துரத்துவது கடினம், வருமுன் தடுப்பதே முறை என்றார். ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதி, இரவு 10 மணிக்கு மட்டும் இரு மடங்கு என்று கோடிட்டார். நள்ளிரவில் எழுப்பாமல் இருவரும் உறங்கவேண்டும் என்பதற்காக. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கூடவே கொடுங்கள் என்றார். மருத்துவர் சீட்டிலும் இவையே இருந்தன. நான்தான் படித்தும் கேளாதவன்.

அன்றிரவு அவள் விடியும்வரை உறங்கினாள். நான் உறங்கவில்லை.

பின்னர் நம் பங்குத்தந்தையிடம் இதை அறிக்கையிடுவதுபோலவே சொன்னேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்கமருந்து மருத்துவர்களிடம் உரையாற்றியபோதே, கடும் வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகளைக் கொடுப்பது முறையே என்று தெளிவுபடுத்தியிருக்கிறார் என்றார் அவர். வலிதணிப்புச் சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போற்றுகிறது. மணிக்கணக்கில், வாய்வழியே, படிப்படியாக என்னும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. ஆயினும் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவர்களையும் மருந்துக்கடைகளையும் அஞ்சவைத்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. என் அச்சம் எனக்கு மட்டும் உரியதன்று என்பதில் எனக்கு ஆறுதலொன்றும் இல்லை.

இத்துறைக்கு வித்திட்டவரும் ஒரு செவிலியே. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியாகப் பயின்று, பின் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவப் படிப்பும் முடித்து, 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். இந்தியாவில் 1986இல் மும்பை பாந்திராவில் சாந்தி அவேதனா இல்லமும், 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புக் கழகமும் எழுந்தன. நம் சென்னையின் வடபுறத்தில், மாத்தூரில், ஜீவோதயா இருக்கிறது. ஆனால் என் மனைவி வீட்டைவிட்டு எங்கும் போக விரும்பவில்லை. அதனால் வீடுதேடி வந்தவரே எங்களுக்கு எல்லாம்.

வாரம் இருமுறை வருவார். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலும் இடுப்பும் சிவக்கின்றனவா என்று பார்ப்பது, சோடா உப்பு கலந்த நீரால் வாய் துடைப்பது என ஒவ்வொன்றாகக் கற்பித்தார். எங்கிருந்தோ ஒரு தண்ணீர் மெத்தையும் கொண்டுவந்தார். ஒருநாள் வேலையெல்லாம் முடிந்த பின்னும் எழாமல், என் மனைவியின் தலையை வாரிச் சிறு பின்னலிட்டார். "மகளே, நேரமாகிறதே" என்றாள் இவள். "இதுவும் வேலைதான் அம்மா" என்றார். ஒருமுறை நான் நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றை உறையிலிட்டு நீட்டினேன். அவர் முகம் வாடிற்று. அதன்பின் காபி மட்டுமே கொடுத்தேன், சர்க்கரை குறைவாக.

குருவானவர் நோயில் பூசுதல் அளித்த நாளில் தற்செயலாக அவரும் வந்திருந்தார். ஒதுங்கி நிற்கப் போனவரை என் மனைவி கைகாட்டி அழைத்தாள். திருஎண்ணெய் பூசும்போது அவளது இடக்கையைச் செவிலி தாங்கிக்கொண்டார். அதில் வீக்கம் இருந்ததால் தானாக உயராது.

பதினொரு நாள் கழித்து, விடியற்காலை ஆவடி நிலையத்து முதல் இரயில்களின் ஒலி கேட்கும் நேரத்தில், என் மனைவி வலியின்றி இறைவனடி சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் செவிலி வந்தார். மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை என் முன்னிலையில் எண்ணி, நோட்டில் எழுதி, என் கையெழுத்தையும் பெற்றுக்கொண்டார். பிறகு சற்றுத் தயங்கினார். பட்டாபிராமில் ஒரு பெரியவர் வெறுங்கட்டிலில் கிடக்கிறார், அந்தத் தண்ணீர் மெத்தை தேவைப்படுகிறது என்றார். நீரை வடித்து, துடைத்து, மடித்துக் கட்டினேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டு நானும் உடன் ஏறிக்கொண்டேன். அவ்வீட்டில் அதை விரித்து நீர் நிரப்பும் முறையை அந்தப் பெரியவரின் மனைவிக்கு நானே காட்டினேன். சுவரில் நேரம் எழுத நாட்காட்டி உண்டா என்றும் கேட்டேன்.